ஒற்றைத் துளை

சாண்டிநல்லாவுக்கு மேற்கே ஒரு சதுப்பு.
ஹாலன் துரப்பணத்தைத் திருகுகிறான்.
ஒவ்வொரு முழத்துக்கும் நிறுத்தி
"போதுமா?" என்கிறான்.
போதாது.

கரிய சேறு. அழுகிய முட்டை வாசம்.
மேல் விரற்கடையில் நான் பிறந்த வருஷம்,
முழங்கை ஆழத்தில் எந்த ராஜாவுக்கும் பெயரில்லை,
ஹாலனின் உயரத்தைத் தாண்டியதும்
இருபதாயிரம் வருஷம்,
குழாயின் நுனியில்
வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு.

ஊட்டியில் ஹீட்டர் வேலை செய்யாத அறை.
அமிலத்தில் கழுவி, வடித்து,
கண்ணாடிச் சில்லில் வைத்தால்
ஓர் உருண்டை. ஒரே ஒரு துளை.
புல்லின் மகரந்தம்.
மூங்கில், சாமை, கரும்பு, தர்ப்பை
எல்லாவற்றுக்கும் இதே முகம்தான்.
ஒரு சில்லுக்கு முந்நூறு எண்ண வேண்டும்.
கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் போடுகிறவள் மாதிரி
டிக், டிக் என்று
என் கட்டைவிரல்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்.
சரி, புல்லுக்கு எது ஆயுதம்?
மண்ணிலிருந்து உறிஞ்சிய மணல்.
சேணம் போல, உடுக்கை போல
இலைக்குள் அடுக்கிய கண்ணாடித் துண்டுகள்.
மேய்ந்த வாயெல்லாம் தேய்ந்தது.
தேயத் தேயக் குதிரைக்குப் பல் நீண்டது.
இலை மக்கிய பிறகும் துண்டு மக்குவதில்லை.
விதர்பாவில் டைனோசர் சாணம் கல்லாகிக் கிடக்கிறது;
அதற்குள்ளும் இவை.
அவ்வளவு பெரிய உடம்பு விட்டுப்போன தகவல்:
புல்லும் தின்றேன்.

அதற்கப்புறம் நெடுங்காலம்
காட்டின் ஓரத்தில்
பந்திக்கு யாரும் கூப்பிடாத உறவாக இருந்தது.
பிறகு காற்றில் கரி குறைந்தது.
மழை ஒரு பருவத்துக்குள் சுருங்கியது.
தீ வந்தது.
மரம் தன் மொட்டை நுனியில் வைத்திருந்தது,
புல் மண்ணோடு மண்ணாக அடியில்.
எரிந்த மறுவாரம் யார் எழுந்தார்கள் என்பதே
எண்பது லட்சம் வருஷத்துக் கதை.

நாலு மணிக்கு வர்க்கியும் டீயும்.
வர்க்கி கோதுமை, அதாவது புல்.
சர்க்கரை கரும்பு, அதுவும் புல்.
பாலும் புல்தான், ஒரு மாட்டின் வழியாக.
இந்த மேசையில் புல்லல்லாதது
தேயிலை ஒன்று,
அப்புறம் நான். அதுவும் நிச்சயமில்லை,
மூன்று வேளையும் சோறு.

தாலுகா அலுவலகப் பதிவேட்டில்
அந்தச் சரிவுக்கு ஒரே சொல்: தரிசு.
பக்கத்தில் மங்கிய மசியில்
"சீகை நடத் தகும்."
எழுத்தர் அமலோற்பவம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து
"ஆவணம்?" என்றார்.
சேற்றுக் குழாயை மேசைமேல் வைத்தேன்.
சீகை மேல் நாலு விரற்கடையில்தான் வருகிறது,
பதினாறு மணி ஒட்டிய உருண்டையாக.
பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்கிறது.
அதற்குக் கீழே கடைசிவரை புல்.
மழை கூடிய காலங்களில் சோலை
பள்ளத்திலிருந்து ஏறி வந்து பார்த்திருக்கிறது,
காய்ந்ததும் இறங்கிவிட்டது.
புல் இறங்கவில்லை.
உருளைக்கிழங்குக்கு முன்னால், கோடரிக்கு முன்னால்,
தரிசு என்ற சொல்லுக்கும் முன்னால்
இது குடியிருப்பு.

"சர்வே எண் இல்லையே" என்றார்.
பிறகு, கொஞ்சம் இரக்கத்தோடு,
"கசியுதும்மா, எடுங்க."
அவர் மேசையில் கருப்பாக ஒரு வட்டம்.
கைக்குட்டையால் துடைத்தேன்.
ஏழாயிரம் வருஷம் இருக்கும்.

துளையை மூட மறந்திருந்தோம்.
மூன்றாம் நாள் போனபோது
விளிம்புவரை தண்ணீர்.
பக்கத்தில் எருமைக் குளம்பு.
சாய்ந்து கிடந்த கோரை நிமிர்ந்துகொண்டிருந்தது.
(கோரை புல்லல்ல; அதற்கு வேறு கணக்கு.)

"இது எத்தனை வருஷத்துத் தண்ணி?" என்றான் ஹாலன்.

தெரியாது.
தண்ணீருக்கு நான் வயது பார்ப்பதில்லை.